மட்டக்களப்பில் விடியவிடிய ஆடும் வடமோடி என்ற நாட்டுக்கூத்தைப் பாடசாலை மேடையில் ஒரு மணி நேரத்துக்குள் ஆடுவது எப்படி? எதை வெட்டலாம்?

பாட்டை வெட்டுங்கள், பிற்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரே வரியை ஏன் திரும்பப் பாடவேண்டும் என்று முதலில் அதைத்தான் எடுத்துவிடுகிறார்கள். ஆட்டக்காரர் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாடும்போதுதான் ஆட்டக்காரர் ஆடுகிறார். அவர் குரலுக்கு மூச்சு கிடைப்பதும் அப்போதுதான். அது இல்லையென்றால் நாலாவது பாட்டிலேயே குரல் அடைத்துவிடும், காலும் தாளத்துக்குப் பிந்தும்.

ஒரு பாட்டுக்குப் பிற்பாட்டும் ஆட்டமும் சேர்த்து 2 நிமிடம் என்று வையுங்கள். பாத்திரங்கள் ஆடிக்கொண்டு மேடைக்கு வரும் வரவுகளுக்கு 15 நிமிடம் போனால் ஏறக்குறைய 20 பாட்டுக்குத்தான் இடமுண்டு. எல்லாருக்கும் அரைகுறை வரவு வேண்டாம். தலைமைப் பாத்திரம் வரவுத்தாளத்துக்கு முழுதாக ஆடித் தீர்மானம் (ஆட்டத்தை முடிக்கும் தாளக்கட்டு) வைக்கட்டும், மற்றவர்கள் பாட்டோடு நேரே வரலாம். விட்டுப்போன கதையை, பாத்திரங்களின் வரவை அறிவிக்கும் கட்டியகாரன் இரண்டு வரியில் சொல்லிவிடுவான்.

எந்தப் பாட்டு மிஞ்சவேண்டும் என்பது கூத்து யாருடைய கதை என்பதைப் பொறுத்தது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குச் சுருக்கியபோது, சி. மௌனகுரு எழுதிய ‘இராவணேசன்’ (1964) இராவணனையே நடுவில் வைத்தது. நீங்களும் ஒருவரைத் தெரிந்தெடுங்கள். கூத்தைப் பழக்கி, மத்தளம் அடித்து நடத்தும் அண்ணாவியாரை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டுங்கள். எந்தத் தருவை (கூத்துப் பாட்டை) எதோடு ஒட்டலாம் என்பது அவர் காதுக்குத்தான் தெரியும்.

அதிகம் பிழைப்பது மத்தளத்தின் இடம். ஊரில் ஆடும் வட்டமான களரியில் மத்தளக்காரரும் சல்லரி என்ற கைத்தாளம் போடுபவரும் நடுவில் நிற்க, அவர்களைச் சுற்றித்தான் ஆட்டம். மேடையில் சனம் ஒரு பக்கம் மட்டுமே என்பதால் மத்தளத்தைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். அங்கிருந்து அண்ணாவியாருக்கு ஆட்டக்காரரின் கால் தெரியாது, தீர்மானம் தப்பும். ஆட்டக்காரர் நுழையும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், முன்மூலையில், மேடையைச் சரிவாகப் பார்க்கும்படி இருத்துங்கள். வருகிறவர் முதல் அடியிலேயே அண்ணாவியாரின் முகத்தைப் பார்ப்பார்.

மைக்கைத் தாங்கியில் மேடைப் பலகைமேல் நிறுத்தினால் பலகை மிதிபடும் சத்தம் பாட்டை விழுங்கிவிடும், மேலே தொங்கவிடுங்கள். சல்லரிக்குத் தனி மைக் தேவையே இல்லை. கரப்புடுப்பு (வளையம் வைத்து விரிந்த கூத்துடை) போட்ட இருவர் பக்கவழியில் ஒரே நேரத்தில் போகமுடியாது என்பதால் வருவதற்கு ஒரு வழி, போவதற்கு ஒரு வழி என்று பிரியுங்கள்.

கடைசி இரண்டு கிழமையும் மேடையின் நீள அகலத்தை மைதானத்தில் சுண்ணாம்பால் கீறி, அதற்குள்ளேயே பழக்குங்கள். வட்டத்தில் பழகிய கால் கோட்டைத் தாண்டும் இடமெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.