உதடு தெரியும், அண்ணம் ஒளிந்துகொள்ளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எனக்கு இது 20வது வாரம். என் கணவர் உதட்டுப் பிளவோடு பிறந்து, கைக்குழந்தையிலேயே தையல் போட்டவர். ஸ்கேனில் குழந்தை முகத்தைக் கையால் மறைத்திருக்கிறது, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். கிரகணத்தன்று நான் கத்தியைத் தொட்டேன் என்று மாமியார் அழுகிறார். அதுவரை காத்திருக்காமல், கடைத்தெருவில் 4டி படம் (அசையும் முப்பரிமாண ஸ்கேன்) எடுத்துப் பார்க்கலாமா?"

முதலில் கத்தியை எடுத்து வைத்துவிடுவோம். கரு உண்டாகி ஏழு வாரத்துக்குள் மேலுதடு ஒட்டிவிடுகிறது, 12 வாரத்துக்குள் அண்ணமும், அதாவது வாயின் மேற்கூரையும், மூடிவிடுகிறது. கிரகணத்துக்கு இதில் வேலையே இல்லை. உங்கள் மாமியாரையும் அந்தக் காலத்தில் யாரோ இப்படிப் பேசியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. அவரிடம் கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

பொதுவாக 700 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் வருவது இந்தப் பிளவு. அப்பாவுக்கு இருந்தால் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை போகலாம். அதாவது, பெரும்பாலும் வராது.

இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னது சரியான முடிவு. 18 முதல் 22 வாரம் வரை முகம் பார்க்க நல்ல நேரம். ஸ்கேன் திரையில் முகத்தை நேரெதிர் வெட்டுத்தோற்றமாகப் பார்த்தால் இரு மூக்குத் துவாரமும் மேலுதடும் ஒரே படத்தில் விழும். பிளவு இருந்தால் உதட்டின் வெண்கோடு துவாரத்துக்குக் கீழே அறுந்து, நடுவில் கறுப்பு தெரியும். அப்புறம் குறுக்கு வெட்டுத்தோற்றத்தில் மேல் ஈற்றின் வளைவைப் பார்ப்பார்கள். "ஈறு முழுசாகத் தெரிந்ததா?" என்று நீங்களே கேளுங்கள். உதட்டோடு நிற்கிறதா, உள்ளேயும் போகிறதா என்பதற்கு முதல் தடயம் அங்கேதான்.

அண்ணம் வேறு கதை. எலும்பின் நிழல் விழும், நாக்கும் மறைக்கும். உதடு நன்றாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால், கைதேர்ந்தவர்கூடத் தவறவிடலாம். "ஸ்கேன் நார்மல்" என்ற வார்த்தை அண்ணத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

கடைத்தெரு 4டிக்கு ராண்டைச் செலவழிக்காதீர்கள். அது தோலின் மேற்பரப்பை அழகாகக் காட்டும். முகத்துக்கு முன்னால் பனிக்குடநீர் இல்லாவிட்டால், கை மறைத்தால், அதுவும் தோற்றுவிடும். முப்பரிமாணப் படம் நிபுணர் கையில் இருந்தால்தான் ஈற்றையும் அண்ணத்தையும் ஆராய உதவும்.

ஒருவேளை பிளவு தெரிந்தால், இதயம் உட்பட மற்ற உறுப்புகளையும் கவனமாகப் பார்ப்பார்கள். தனியாக வந்த பிளவு என்றால், உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்தைப் பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டியும் தைப்பார்கள். அண்ணம் பிளந்த குழந்தையால் பெரும்பாலும் பாலைச் சரியாக உறிஞ்ச முடியாது. மெல்ல அழுத்தினால் பால் வரும் மென்மையான புட்டி வேண்டும். முன்கூட்டியே தெரிவதன் பெரிய லாபம் இதுதான்: அந்தப் புட்டி முதல் நாளே கையில் இருக்கும்.

ஸ்கேன் எப்படி இருந்தாலும், பிறந்தவுடன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவுவதோடு நிறுத்தாமல், டார்ச் அடித்து உள்நாக்கு வரை பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கத்துச் சிறு பிளவு விரலுக்குத் தட்டுப்படாமல் போகலாம்.