நகரத்தில் வேலை கூடினால் வேலையின்மையும் கூடுமா?

கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பெயர்வதைக் கணக்காக எழுதுவது பற்றிச் சில கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஹாரிஸ், டோடாரோ என்ற பொருளியலாளர்கள் இருவரும் கென்யாவை மனத்தில் வைத்து 1970-இல் வெளியிட்ட மாதிரியைப் பற்றியவை.

நகரத்தில் வேலையில்லை என்று தெரிந்தும் ஏன் போகிறார்கள்? இதைச் சமன்பாடாக எப்படி எழுதுவது?

போகிறவர் நகரச் சம்பளத்தை அப்படியே பார்ப்பதில்லை. அது கிடைக்கும் வாய்ப்பால் பெருக்கிப் பார்க்கிறார் என்பதுதான் மாதிரியின் அடிப்படை. கிராமத்தில் மாத வருமானம் 300, நகரத்தில் நிரந்தர வேலைக்குச் சம்பளம் 500, அப்படி 60,000 வேலைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நகரத்தில் வேலை செய்வோரும் தேடுவோரும் சேர்ந்து 1 லட்சம் பேர் ஆகும்போது வாய்ப்பு 0.6. ஐந்நூறை அதனால் பெருக்கினால் 300. இனி போனாலும் ஒன்று, இருந்தாலும் ஒன்று, வரத்து நிற்கிறது. 40,000 பேர் வேலையில்லாமல் இருக்கும்போதே சமநிலை வந்துவிடுகிறது.

அரசு நகரத்தில் வேலைகளைக் கூட்டினால் சரியாகிவிடாதா?

அதே கணக்கில் 3,000 வேலைகளைச் சேர்த்துப் பாருங்கள். 63,000-ஐ 0.6-ஆல் வகுத்தால் 1,05,000. புதிதாக 5,000 பேர் வருகிறார்கள்; வேலையில்லாதவர்கள் 42,000 ஆகிறார்கள். வேலை கொடுத்ததால் வேலையின்மை ஏறியது! விகிதம் மட்டும் அதே 40 சதவீதம்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1964-இல் கென்யாவில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் ஒப்பந்தம் போட்டன. முதல் இரண்டு தரப்பும் கூடுதல் ஆட்களை எடுப்பது, சங்கங்கள் சம்பள உயர்வு கேட்காமல் இருப்பது. செய்தி பரவியதும் வேலை தேடுவோர் கூட்டம்தான் பெருகியது. கிராம வருமானத்தை உயர்த்தாமல் நகரத்தை மட்டும் பார்க்கும் திட்டம் எதுவானாலும் இங்கேதான் இடறும். ஒரு திருத்தம்: ஆட்கள் வெளியேறும்போது கிராமத்தில் கூலி ஏறும். மேலே அதை 300-லேயே நிறுத்திவிட்டேன். ஏறவிட்டால் விளைவு இவ்வளவு கடுமையாக இருக்காது.

40 சதவீதம் பேர் சும்மா இருக்கும் நகரம் உண்டா?

உதவித்தொகை இல்லாத ஊரில் சும்மா இருக்க யாரால் முடியும்? காய்கறி விற்பார்கள், சைக்கிள் பழுதுபார்ப்பார்கள், அப்படியே வேலையும் தேடுவார்கள். நைரோபியில் 'ஜுவா காலி' என்பது இத்தகைய தொழில்களைத்தான். உலகத் தொழிலாளர் அமைப்பு கென்யாவைப் பற்றி 1972-இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகே இந்தப் பதிவில்லாச் சிறு தொழில்களை, அதாவது முறைசாராத் துறையைப், பொருளியலாளர்கள் கவனித்து எண்ணத் தொடங்கினார்கள்.

அதையும் கணக்கில் சேர்க்கலாம். முறைசாரா வருமானம் 200 என்றால், வாய்ப்பு மூன்றில் ஒன்றாக இறங்கும்வரை ஆட்கள் வருவார்கள். அதே 60,000 வேலைகளைச் சுற்றி 1,80,000 பேர். வேலையில்லாதவர் யாரும் கண்ணில் படமாட்டார்கள், நகரம் மட்டும் வீங்கியிருக்கும். எனக்கு அசல் மாதிரியைவிட இதுவே நம்பும்படி இருக்கிறது.

ஏழைகள் இப்படிக் கணக்குப் போட்டா கிளம்புகிறார்கள்?

தனியாள் கணக்கு என்பதுதான் மாதிரியின் பலவீனம். ஸ்டார்க், புளூம் என்ற பொருளியலாளர்கள் 1985-இல் சொன்னதுபோல், பல இடங்களில் முடிவெடுப்பது குடும்பம்: ஒரு பிள்ளை நிலத்தில், ஒரு பிள்ளை நகரத்தில். மழை பொய்த்தாலும் ஒரு வருமானம் நிற்கும். அப்போது சராசரி மட்டும் போதாது, ஏற்ற இறக்கமும் சமன்பாட்டில் வரவேண்டும்.

இன்னொன்று, கையில் காசில்லாதவருக்கு ஒரு தோல்விகூடப் பேரிழப்பு. வங்கதேசத்தின் ரங்பூரில் அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களில், 2008-இல், பேருந்துக் கட்டணம் அளவுக்குப் பணமோ கடனோ ஆய்வாளர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். கணிசமான குடும்பங்கள் ஆள் அனுப்பின, சாப்பாடும் கூடியது. பிற்பாடு பெரிய அளவில் செய்தபோது அதே பலன் வரவில்லை. ஆகவே அதை மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாவட்ட வாரியாக ஈர்ப்பு மாதிரி (இரு இடங்களின் மக்கள்தொகை, இடைத்தூரம் கொண்டு பெயர்வோர் எண்ணிக்கையைக் கணிப்பது) போடுகிறேன். பல மாவட்ட ஜோடிகளில் பெயர்ந்தவர் பூஜ்யம். மடக்கை எடுக்க ஒன்றைக் கூட்டலாமா?

வேண்டாம். பாய்சான் முறையில் (எண்ணிக்கையை மடக்கை எடுக்காமலே பொருத்தும் முறை) மதிப்பிடுங்கள், பூஜ்யங்கள் தானாக உள்ளே வரும். அப்புறம், இந்தியக் கணக்கெடுப்பு என்றால் காரணவாரியாகப் பிரித்த அட்டவணையை எடுங்கள். அதில் பெண்கள் இடம்பெயர்வதற்குப் பெரும்பான்மைக் காரணம் திருமணம். அதைச் சம்பள வித்தியாசத்தோடு சேர்த்துப் பொருத்தினால் வரும் கெழுவுக்கு அர்த்தமே இருக்காது.