உருவம் சரியாக வருகிறது, ஆனால் படம் தட்டையாக இருக்கிறது. எதைப் பழகினால் சரியாகும்?

நானும் ரொம்ப நாள் இதே இடத்தில் நின்றவன். அளவு தப்பாது, சாயல் தப்பாது, ஆனாலும் படம் தாளோடு ஒட்டிக் கிடக்கும். எனக்குக் கைகொடுத்தது ஒன்றுதான்: விரலால் தேய்த்து ஷேடிங் செய்வதை அடியோடு நிறுத்தினேன். தேய்த்தால் துணி, தோல், மரப்பட்டை எல்லாமே ஒரே சாம்பல் பூச்சாகிவிடும். கோடும் புள்ளியும் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், ஒவ்வொரு பரப்பையும் உற்றுப் பார்த்தே ஆகவேண்டும்.

முதலில் நீங்கள் எழுதாத கையை வரையுங்கள். என் ஆட்காட்டி விரலின் நிழல் பக்கத்தில் நேரான சாய்கோடுகளை அடுக்கினேன். விரல் பலகைத் துண்டு மாதிரி வந்தது. அடுத்த தாளில் அதே விரலுக்கு, மோதிரம் சுற்றிப் போவதுபோல வளைந்த கோடுகள். கருமை அதேதான், ஆனால் விரல் உருண்டுவிட்டது. மூட்டுச் சுருக்கங்களைப் பாருங்கள், கோடு எந்தப் பக்கம் வளையவேண்டும் என்று அவையே காட்டும். நகத்துக்கு இது எதுவும் வேண்டாம். வெறும் தாளை விட்டுவிட்டு, ஓரத்தில் மட்டும் அழுத்தி ஒரு கோடு.

பென்சிலைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடியுங்கள். நுனியில் பிடித்தால் விரல்தான் அசையும். தள்ளிப் பிடித்தால் தோளிலிருந்து கோடு வரும். 6பி பென்சிலை (மென்மையான, கருமையாக எழுதும் வகை) சாய்த்தால் அகலமான சொரசொரப்பு, நிமிர்த்தினால் கூர்மை. அழுத்தி ஆரம்பித்து மெல்லத் தூக்கினால் கோட்டின் வால் தானாக மெலியும். புல்லுக்கும் முடிக்கும் இது போதும். கட்டம் போட்டு விதவிதமான கோடுகளை நிரப்பும் பயிற்சியும் சொல்வார்கள். ஒரு வாரம் செய்யலாம், அதற்கு மேல் கை மட்டும்தான் பழகும், கண் பழகாது.

அப்புறம், 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் இருந்தபோது டச்சு ஓவியர் வான்கா நாணல் பேனாவால் (நாணல் தண்டைச் சீவிச் செய்த பேனா) வரைந்த வயல்வெளிகளைத் தேடிப் பாருங்கள். நாணல் பேனாவில் மை சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் குட்டைக் கீற்றுகள். அருகில் இருக்கும் புல்லுக்குத் தடித்த கீற்று, தூரம் போகப் போகப் பொடிப்பொடியாகப் புள்ளி. ஒரு நிழல்கூடத் தேய்க்காமல் எவ்வளவு தொலைவு காட்டுகிறார்! அதில் உள்ளங்கை அளவுப் பகுதியை மட்டும் எடுத்து, பால்பாயிண்ட் பேனாவால் பார்த்து வரையுங்கள். பேனாதான் முக்கியம், ஏனென்றால் அழிக்க முடியாது.