குளத்து வீட்டுக்குக் கிளம்பும் முன்

கேள்வி: ஜூலையில் தென் பிரான்சில் நீச்சல்குளம் உள்ள வீட்டை ஒரு வாரம் வாடகைக்கு எடுக்கிறோம். பெரியவனுக்கு 5 வயது, சின்னவளுக்கு ஒன்றரை. 'சட்டப்படி எல்லாப் பாதுகாப்பும் இருக்கு' என்கிறார் வீட்டுக்காரர். நம்பலாமா?
- கோவை வாசகி

பதில்: சட்டம் இருப்பது நிஜம். ஆனால் 2003 ஜனவரி 3-ம் தேதியிட்ட அந்தச் சட்டம் கேட்பது நான்கில் ஒன்றைத்தான். வேலி, அலாரம், மூடி, குளத்துக்கு மேல் கூரை. அதுவும் தரையில் பதித்த குளத்துக்கு மட்டும்.

இந்த நான்கும் சமமில்லை. அலாரம் பெரும்பாலும் குழந்தை தண்ணீரில் விழுந்த பிறகுதான் அலறும். மூடியும் கூரையும் யாராவது மறக்காமல் மூடினால்தான் உண்டு. சின்னவள் வயதுக்கு வேலிதான் சரி. அதனால் 'எது போட்டிருக்கீங்க?' என்று கேட்டு, போட்டோவும் வாங்கிவிடுங்கள். வேலி குறைந்தது 1.10 மீட்டர் உயரம் வேண்டும். நாலு பக்கமும் வேலியா, இல்லை ஒரு பக்கம் வீட்டுச் சுவரா என்று பாருங்கள். சுவர் என்றால், ஹால் கதவைத் தள்ளினாலே குளம்!

நீல நிறத்தில் குமிழ் குமிழாக மிதக்கும் ஷீட்டைக் காட்டி 'மூடி' என்றால் ஏமாறாதீர்கள். அது தண்ணீரின் சூட்டைக் காக்க மட்டுமே. குழந்தை கால் வைத்தால் ஷீட் அமிழ்ந்து, மேலே மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பதே தெரியாது.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியைப் பிரிக்கும் முன் வேலிக் கதவைப் பாதி திறந்து விட்டுப் பாருங்கள். தானாகச் சாத்தி, தாழ் விழ வேண்டும். வேலியோரம் கிடக்கும் நாற்காலி, பூந்தொட்டியை நகர்த்துங்கள்; ஏறுவதற்கு அதுவே படி. குளித்து முடித்ததும் மிதக்கும் பொம்மைகளை வெளியே எடுத்துவிடுங்கள். கைக்கு மாட்டும் காற்றுப் பட்டையை நம்பி நகராதீர்கள். பெரியவர்கள் நாலு பேர் இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம், ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்க்கிறார் என்று இருந்துவிடுவார்கள். முறை வைத்து ஒருவர், கையில் போன் இல்லாமல்.

அவசரத்துக்கு 112, மருத்துவ உதவிக்கு நேராக 15. வீட்டு முகவரியை பிரெஞ்சு எழுத்தில் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் ஊர் பேர் வாயில் வராது.

கேள்வி: குக்கர், மிக்ஸி கொண்டுபோகலாமா?
- அதே வாசகி

பதில்: மிக்ஸி ஓடும், அங்கேயும் 230 வோல்ட்தான். நம் மூன்று முள் பிளக் நுழையாது; எர்த் உள்ள அடாப்டர் வாங்குங்கள். குக்கருக்கு முன், அடுப்பு இண்டக்ஷனா என்று கேளுங்கள். ஆமென்றால் குக்கர் அடியில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் சூடேறாது. சாதா அலுமினியக் குக்கர் ஒட்டாது.