பொறக்காத காலத்துக்கு ஒரு ஏக்கம்

கேள்வி: எனக்கு 21 வயசு. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்'ங்கிற அமெரிக்க சீரிஸ் பாத்ததுல இருந்து எண்பதுகள் மேல ஒரே ஏக்கம். புதுப்படம் எதுவும் ஒட்டவே மாட்டேங்குது. அம்மா, "அப்போ நீ பொறக்கவே இல்லையே, என்னடா இது"ன்னு கேக்குறாங்க. என் ஏக்கம் பொய்யா?

பதில்: பொய்யில்ல தம்பி. நீங்க பாக்குற சீரிஸ்ல முதல் சீசன் கதை நடக்குறது 1983ல, அத உருவாக்குன டஃபர் இரட்டையர் பொறந்ததே 1984ல! அவங்களும் பழைய படங்களப் பாத்துப் பாத்துதான் அந்தக் காலத்தக் கட்டியிருக்காங்க.

இது புதுசும் இல்ல. 1974ல வந்த 'ஹேப்பி டேஸ்'ங்கிற அமெரிக்க டிவி தொடர் ஐம்பதுகளுக்கு ஏங்குச்சு. நீங்க ஏங்குற அதே எண்பதுகள்ல, 1985ல, 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்துல வர்ற பையன் டைம் மெஷின்ல 1955க்குப் போயிடறான், அந்த ஜனங்களும் முப்பது வருஷம் பின்னாடிதான் திரும்பிப் பாத்துட்டு இருந்தாங்க. சின்ன வயசுல பாத்தத வளந்து டைரக்டர் ஆனதும் எடுக்குறாங்க, அதான் இந்தச் சுத்து.

ஆனா ஸ்கிரீன்ல வர்ற எண்பதுகள் பொறுக்கி எடுத்த எண்பதுகள். காத்துக்கிடந்தத யாரும் காட்ட மாட்டாங்க. பிடிச்ச பாட்டு ரேடியோல வருமான்னு விரல ரெக்கார்ட் பட்டன் மேல வச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன், அது வந்தா அறிவிப்பாளர் பாட்டு மேலயே பேசிடுவார், அந்தக் குரலோடயே கேசட் முடிஞ்சிடும், டேப் சிக்குனா பென்சில விட்டுச் சுத்தணும். அப்போ வந்த மோசமான படங்கள எல்லாரும் மறந்தாச்சு, நல்லது மட்டும் மிச்சம், அதோட இந்த வருஷத்துப் படத்த நிறுத்திப் பாத்தா பாவம் புதுசு எப்படி ஜெயிக்கும்?

எந்த சீன்ல மனசு நிக்குதுன்னு பாருங்க. அநேகமா அந்தப் பசங்க சைக்கிள்ல ஒண்ணா போறதும், மணிக்கணக்கா ஒரே மேசையச் சுத்தி விளையாடுறதும்தான் இருக்கும், நடுவுல ஒருத்தனும் போன எடுத்துப் பாக்குறதில்ல. அதுக்கு 1983 வேணாம் தம்பி, ரெண்டு ஃபிரெண்ட்ஸக் கூப்பிடுங்க, போன வேற ரூம்ல வைங்க.

அப்புறம் அடுத்த எபிசோட அம்மாவோட உக்காந்து பாருங்க, எது நிஜமா அப்படி இருந்துச்சு, எது சும்மா அழகுக்குன்னு கேளுங்க. என் அக்கா பொண்ணோட பாத்தப்போ, ஒரு பொண்ணு சுருள் வயர இழுத்துக்கிட்டே ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திப் போன் பேசுற சீன் வந்துச்சு, நிறுத்துடீன்னேன், அன்னிக்கு அதுக்கப்புறம் எபிசோடே ஓடல, ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசிட்டே இருந்தோம்.