மைக் ஒயரை நாமே செய்துகொண்டால் லாபமா?

கேள்வி: எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் கல்யாணங்களுக்கும் பொதுவாக ஒரு சின்ன மைக் செட் இருக்கிறது. ரெடிமேடாக வாங்கும் மைக் ஒயர்கள் சீக்கிரமே கரகரக்க ஆரம்பித்துவிடுகின்றன. கோயம்புத்தூரில் ஒயரையும் பின்னையும் (முனையில் மாட்டும் கனெக்டர்) தனித்தனியாக வாங்கி, நாங்களே சால்டர் செய்துகொண்டால் (ஈயத்தால் பற்றவைத்தால்) மிச்சமாகுமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: மிச்சமாகும், ஆனால் முதல் நாள் பில்லில் அது தெரியாது. நல்ல ஒயரும் நல்ல பின்னும் சில்லறையில் வாங்கினால், கடையில் தொங்கும் மலிவான ஒயரைவிடச் செலவு கூடவே ஆகும். லாபம் அப்புறம்தான் வரும். மைக் ஒயர் பெரும்பாலும் நடுவில் போவதில்லை, பின்னுக்குள் நுழையும் கழுத்துப் பகுதியில்தான் அறுகிறது. வார்ப்பாக மூடிய பின் என்றால் திறக்க வழியில்லை, முழு ஒயரையும் தூக்கிப் போட வேண்டும். திருகித் திறக்கிற பின் என்றால் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பப் பற்றவைத்தால் போதும். பண்டிகைக்கு முந்தின ராத்திரி ஒரு ஒயருக்காக மேட்டுப்பாளையத்துக்கு மலை இறங்கிப் போக முடியாத ஊரில், இந்த ஒரு வசதிக்காகவே நீங்களாகச் செய்துகொள்ளலாம் என்பேன்.

பணத்தைப் பின்னில் போடுங்கள். உலோக உடம்பு, திருகு, உள்ளே ஒயரைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் மூன்றும் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். கிளாம்ப் இல்லாவிட்டால் ஒயரை இழுக்கிற இழுப்பெல்லாம் சால்டர் மேல் விழும். ஒயரில் இரண்டு கோர் (உள்கம்பி), அவற்றைச் சுற்றி வெளி இரைச்சலைத் தடுக்கிற செம்புப் பின்னல் ஷீல்டு இருக்க வேண்டும். அலுமினியத் தாள் சுற்றியது சுவரோடு ஒட்டிப் போகிற நிரந்தர வேலைக்குச் சரி. தினமும் சுருட்டி விரிக்கிற மேடைக்கு அது தாங்காது, தாள் கிழிந்துவிடும்.

மைக் ஒயருக்குப் போடுகிற பின்னுக்கு எக்ஸ்எல்ஆர் என்று பெயர். அதற்குள் இருக்கிற மூன்று முனைகளில் 1 ஷீல்டுக்கு, 2 பாசிட்டிவுக்கு, 3 நெகட்டிவுக்கு. எண்கள் பின்னிலேயே பொறித்திருக்கும். ஒரு முனையில் 2-ம் 3-ம் மாறிப்போனால் அந்த மைக் தனியாக நன்றாகவே பேசும். பக்கத்தில் இன்னொரு மைக் வைத்து ஒரே பாட்டைப் பிடிக்கும்போதுதான் குரல் சன்னமாகி, அடித்தொனி காணாமல் போகும். காரணம் தெரியாமல் ஆம்பைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

சால்டருக்கு 25 அல்லது 30 வாட் அயர்ன் போதும். உள்ளே ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பிசின்) உள்ள 60/40 ஈயக்கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு எளிது, 190 டிகிரி செல்சியஸை ஒட்டி முழுதும் உருகிவிடும். முதலில் பின்னின் மூடியையும் ரப்பரையும் ஒயரில் கோத்துக்கொள்ளுங்கள், பற்றவைத்த பிறகு அவை நுழையாது. ஒயர் நுனிக்கும் பின்னின் குழிக்கும் தனித்தனியாக ஈயம் பூசிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடு காட்டினால் இரண்டு மூன்று விநாடியில் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் பிடித்தால் நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் இளகி, உள்முனைகள் சாய்ந்துவிடும். அதோடு பொருந்துகிற எதிர் ஜோடிப் பின் ஒன்றைச் செருகிவைத்துக்கொண்டு வேலை செய்தால் சாயாது. ஆறியபின் பளபளப்பாக இருந்தால் நல்ல ஜாயிண்ட். மங்கலாக, உருண்டையாக நின்றால் திரும்பவும் சூடு காட்டுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஃப்ளக்ஸ் புகை மூச்சுக்குழாய்க்கு ஆகாது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ரொம்பவே கெடுதல். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீ டம்ளரைத் தொட வேண்டும்.

முடித்ததும் மல்டிமீட்டரில் பீப் சத்தம் வைத்து 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 3 பாருங்கள். வேறு வேறு எண்களுக்கு இடையே பீப் வரக்கூடாது. கழுத்தை ஆட்டிக்கொண்டே இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். மேடையில் சீரியல் லைட்டுக்குப் போகிற கரண்ட் ஒயரோடு மைக் ஒயரைச் சேர்த்துக் கட்டவேண்டாம். தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால் குறுக்காகத் தாண்டட்டும். மழை மாதங்களில் ஈரத்தோடு சுருட்டி மூட்டை கட்டினால் பின் கருத்துவிடும், துடைத்து உலர்த்திவிட்டு வையுங்கள்.

கேள்வி: கிட்டாருக்கு ‘ஆக்சிஜன் இல்லாத செம்பு’ என்று ஒரு ஒயரை நாலு மடங்கு விலைக்குக் காட்டுகிறார்கள். 10 மீட்டர் வாங்கி நானே ஜாக் போடலாம் என்றிருக்கிறேன். (கொடைக்கானல் வாசகர்)

பதில்: வேண்டாம். சாதாரண மின்செம்புக்கும் அதற்கும் மின்கடத்தும் திறனில் வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான், காதுக்குத் தெரியாது. கிட்டாரில் ஒலியை மாற்றுவது கெப்பாசிட்டன்ஸ், அதாவது ஒயர் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கிற அளவு. பல ஒயர்களில் அது மீட்டருக்கு 100 பிகோஃபேரட் அளவில் இருக்கும். பேட்டரி இல்லாத பிக்அப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) என்றால் ஒயர் நீளமாக ஆக மேல்தொனி மழுங்கும். வீட்டில் வாசிக்க 3 மீட்டர், மேடைக்கு 6 மீட்டர் போதும். இங்கேதான் சொந்தமாகச் செய்வதன் நிஜமான பலன்: வேண்டிய நீளத்துக்கே வெட்டிக்கொள்ளலாம். மிச்சமாகிற பணத்தில் நல்ல 6.35 மில்லிமீட்டர் ஜாக் இரண்டு வாங்குங்கள்.

கேள்வி: ஹோம்ஸ்டே கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர் மாட்டுகிறேன். மீந்த மைக் ஒயரையே பயன்படுத்தலாமா? (குன்னூர் வாசகி)

பதில்: கூடாதுங்க. ஸ்பீக்கருக்குப் போகிற கரண்ட் அதிகம், மைக் ஒயரின் கோர் மெல்லியது. ஷீல்டும் இங்கே தேவையில்லை. மின்சாரக் கடையில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஃப்ளெக்ஸிபிள் ஒயர் வாங்குங்கள். ஆம்பிலிருந்து 10 மீட்டர் தூரம் என்றால் போக வர 20 மீட்டருக்கு மொத்தத் தடை 0.16 ஓம் அளவுதான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரட்டும்.

கேள்வி: ஆன்லைனில் ‘சுத்தச் செம்பு’ என்று வாங்கிய ஒயரைச் சீவினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (கூடலூர் வாசகர்)

பதில்: முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பும் மேலே வெள்ளையாகத்தான் தெரியும், அது நல்ல சரக்கு. ஒரு இழையைப் பிளேடால் நன்றாகச் சுரண்டுங்கள். மேலே வெள்ளை, நடுவில் சிவப்பு என்றால் பிரச்சினை இல்லை. மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் செம்பைப்போல 60 சதவீதம் அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும், வளைத்து வளைத்துப் பார்த்தால் சீக்கிரம் ஒடியும். கையில் எடுத்தாலே லேசாக இருக்கும்.

அலுமினியம்தான் என்றால் விற்றவர் பொய் சொல்லியிருக்கிறார், விடாதீர்கள். விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், சுரண்டிய இழையின் போட்டோ மூன்றையும் வைத்துக்கொண்டு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் ஊட்டியில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதுவரை அந்த ஒயரை வெட்டி வேறு வேலைக்கு எடுத்துவிடாதீர்கள்.