பழைய வாளியில் பயிர் வளர்க்கலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வீட்டுத் தோட்டத்துக்குத் தொட்டி வாங்கும் செலவைப் பற்றி எழுதியபோது, குளியலறை மூலையில் கிடக்கும் பழைய பிளாஸ்டிக் வாளியே போதும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. பலரும் கேட்டிருப்பவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் பிடி உடைந்த குளியல் வாளிகள் நான்கும், வெள்ளையடித்தபோது மீந்த 20 லிட்டர் பெயிண்ட் வாளிகள் மூன்றும், பினாயில் வந்த கேன் ஒன்றும் இருக்கின்றன. இவற்றில் கீரை, காய் வளர்த்துச் சாப்பிட்டால் உடம்புக்குக் கெடுதலா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: குளியல் வாளிகளைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வாளியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் முக்கோணக் குறிக்குள் ஓர் எண் இருக்கும். நம் வீட்டு வாளிகளில் பெரும்பாலும் 5 அல்லது 2 என்றுதான் இருக்கும். 5 என்பது பாலிபுரோப்பிலீன், 2 என்பது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். இரண்டுமே உணவுப் பொருள் வைக்கும் டப்பாக்கள் செய்யப் பயன்படுபவைதாம். 3 என்று இருந்தால் அது பிவிசி. அதில் உணவுப் பயிர் வேண்டாம், பூச்செடி வைக்கலாம்.

பெயிண்ட் வாளியைப் பொறுத்தவரை உள்ளே என்ன இருந்தது என்பதே முக்கியம். தண்ணீரில் கரைத்து அடிக்கும் எமல்ஷன் என்றால், உள்ளே ஒட்டியிருப்பதை நன்றாகக் காயவிட்டு உரித்தெடுத்து, சோப்பு நீரில் இரண்டு மூன்று முறை கழுவி, சில நாள்கள் வெயிலில் போட்டு எடுத்துப் பயன்படுத்தலாம். டர்பென்டைன் கலந்து அடிக்கும் எனாமல் இருந்த வாளியில் காய்கறி வேண்டாம். வாளி எத்தனை வருடமாகக் கிடக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வாளி என்றால் அதில் செம்பருத்தியோ குரோட்டன்ஸோ வளரட்டும். பினாயில், ஆசிட், பூச்சிமருந்து வந்த கேன்களை எத்தனை முறை கழுவினாலும் செடி வளர்க்கப் பயன்படுத்தவே கூடாது.

கேள்வி: வாளியின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, நான்கு விரல் உயரத்துக்கு ஜல்லி பரப்பி, அதன்மேல் மண் நிரப்பிக் கத்தரி வைத்தேன். ஒரு மாதத்தில் இலை பழுத்து, வேர் அழுகிவிட்டது. ஜல்லி போட்டும் தண்ணீர் ஏன் வடியவில்லை?
– வாசகர், தாம்பரம்

பதில்: ஜல்லி போட்டதாலேயே வடியவில்லை என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் யோசனை அது; நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்து, செடிகளை இழந்தேன். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முக்கி எடுத்து, படுக்கை வாட்டில் உள்ளங்கையில் வையுங்கள். சொட்டுவது நின்றதும் பிழியாமல் அப்படியே நிமிர்த்திப் பிடித்தால், மறுபடியும் தண்ணீர் கொட்டும். ஸ்பாஞ்சின் அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தங்கி நிற்கும். நிமிர்த்தும்போது ஸ்பாஞ்சின் உயரம் கூடுகிறதே தவிர அந்த ஈர அடுக்கின் உயரம் கூடுவதில்லை என்பதால், மிகுதி வடிந்துவிடுகிறது. வாளி மண்ணிலும் இதுவே நடக்கிறது. மண்ணின் நுண்ணிய துளைகள் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஜல்லியின் பெரிய இடைவெளிகளுக்கு அப்படி இழுக்கும் வலிமை இல்லை. ஆகவே தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காமல் அதற்கு மேலேயே தேங்கி நிற்கிறது. வாளியின் அடியில் இருந்திருக்க வேண்டிய சேற்று அடுக்கு நான்கு விரல் மேலேறி, வேரின் நடுவிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஜல்லியை எடுத்துவிட்டு வாளி முழுவதையும் மண் கலவைக்கே கொடுங்கள். ஆணி ஓட்டை சிறியது, வேரும் மண்ணும் அதை விரைவில் அடைத்துவிடும். சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு அடியில் ஐந்தாறு துளைகளும், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் பக்கவாட்டில் மூன்று நான்கு துளைகளும் வேண்டும். டிரில்லிங் மெஷின் இருந்தால் நல்லது. கம்பியைக் காய்ச்சித் துளையிடுவதானால் வீட்டுக்குள் செய்யாதீர்கள். திறந்தவெளியில், புகை முகத்துக்கு வராத திசையில் நின்று செய்யுங்கள். வெயிலில் கிடந்து இறுகிய வாளியில் கம்பியை அழுத்தினால் துளையிலிருந்தே விரிசல் ஓடும் என்பதால், அவசரப்படாமல் துளையிட வேண்டும். மண் வெளியேறாமல் இருக்க ஒவ்வொரு துளையின் மேலும் ஓர் ஓட்டாஞ்சில்லோ கொஞ்சம் தேங்காய் நாரோ போதும். வாளியைத் தரையில் நேராக வைத்தால் அடித்துளைகள் அடைபடும், ஆதலால் இரண்டு செங்கல் கொடுத்து அதன்மேல் வையுங்கள். அடியில் ஏற்கெனவே விரிசல் விட்ட வாளியை வீணென்று ஒதுக்க வேண்டாம். விரிசல் பெரிதாகாமல் வெளிப்புறம் கம்பியால் ஒரு சுற்றுக் கட்டிவிட்டால் அதுவே வடிகால்.

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு முப்பது வயது ஆகிறது. எத்தனை வாளி வைக்கலாம்? மண் கலவை எப்படி?
– வாசகர், மதுரை

பதில்: முதலில் எடையைக் கவனிப்போம். 20 லிட்டர் வாளியில் வெறும் செம்மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 30 கிலோவுக்குக் குறையாது. ஆட்கள் ஏறி நடமாடும் மாடிக்கு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 875 விதி கணக்கில் கொள்ளும் சுமை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. அந்த ஒரு சதுர மீட்டரில் ஒரு அடி விட்டமுள்ள வாளிகளை நெருக்கி அடுக்கினால் ஒன்பது கொள்ளும். எடை 270 கிலோவாகிவிடும். ஆகவே நடுமாடியில் கூட்டமாக வைக்காதீர்கள். கீழே சுவரும் உத்திரமும் வரும் இடங்களை ஒட்டி, கைப்பிடிச் சுவர் ஓரமாக இடைவெளி விட்டு வரிசையாக வையுங்கள். மாடியில் கசிவோ கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவதோ இருந்தால், பொறியாளரிடம் காட்டாமல் ஒரு வாளிகூட ஏற்ற வேண்டாம்.

கலவைக்குச் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. எடை மூன்றில் ஒரு பங்காவது குறையும், தண்ணீரும் தேங்காது. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, இன்னொரு முறை அலசிச் சேருங்கள். அதில் உப்பு இருக்கும். ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்தால் வேரைத் தாக்கும் நூற்புழுக்கள் கட்டுப்படும். விளிம்பிலிருந்து இரண்டு விரல்கடை விட்டு நிரப்பினால் தண்ணீர் ஊற்றும்போது மண் வழியாது.

கேள்வி: எந்த வாளியில் எந்தச் செடி?
– வாசகி, கோவை

பதில்: கத்தரி, தக்காளி, வெண்டைக்கு 15 முதல் 20 லிட்டர்; ஒரு வாளிக்கு ஒரே செடி. மிளகாய்க்கு 10 லிட்டர் போதும். கறிவேப்பிலைக்கு உங்களிடமுள்ள பெரிய வாளியைக் கொடுங்கள். கீரைக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். உடைந்த பேசின், குழந்தையைக் குளிப்பாட்டிய டப் ஆகியவற்றில் விதை தூவினால், சிறுகீரை மூன்று நான்கு வாரங்களில் பறிப்புக்கு வரும். வாளித் தக்காளியில் காயின் அடி கறுத்துப் போவதாகச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் பூச்சியோ நோய்க்கிருமியோ அன்று. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சீராகச் சேராமல் வரும் கோளாறு. தண்ணீரைத் தினமும் ஒரே அளவில் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு வருடம் வெயிலில் இருந்த நீல வாளியைத் தூக்கியபோது விளிம்பு கையோடு வந்துவிட்டது. வாளி தூளாகி மண்ணில் கலந்தால் என்ன செய்வது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். என் வீட்டிலும் அப்படி ஒரு வாளி இருந்தது. அதன் வெயில் பட்ட பக்கத்தை விரலால் தேய்த்தபோது கோலமாவு போல வெளிறிய தூள் ஒட்டிக்கொண்டது. நிழல் பக்கம் கடையில் வாங்கியபோது இருந்தது போலவே வழவழப்பாக இருந்தது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுப்பதால் ஏற்படும் மாற்றம் இது. அந்தத் தூள் மண்ணில் விழுந்தால் திரும்பப் பொறுக்க முடியாது. நம் குழந்தைகள் சாப்பிடும் கீரை வளரும் மண் அது. ஆகவே விரலில் தூள் ஒட்டத் தொடங்கியதுமே வாளியை மாற்றிவிடுங்கள், உடையும் வரை காத்திருக்காதீர்கள்.

ஆயுளைக் கூட்ட வழி உண்டு. கறுப்பு வாளியில் கலந்திருக்கும் கரி அந்தக் கதிர்களைத் தானே வாங்கிக்கொள்வதால் அது நீண்ட நாள் உழைக்கும். ஆனால் சித்திரை வெயிலில் வேர் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும். சுண்ணாம்பு அடிக்கச் சிலர் சொல்வார்கள், வழவழப்பான பிளாஸ்டிக்கில் அது நிற்காமல் உதிர்ந்துவிடும். என் அனுபவத்தில் கோணிச்சாக்கைச் சுற்றிச் சணலால் கட்டுவதே சிறந்தது: கதிரும் படாது, சூடும் ஏறாது. மாற்றிய வாளியைக் கொளுத்தாதீர்கள். மண்ணை வேறு வாளிக்கு மாற்றிவிட்டு, கழுவி, முழுதாக இருக்கும்போதே பழைய பொருள் எடுக்கும் கடையில் போடுங்கள்.

கேள்வி: வாளிக்கு அடியில் தட்டு வைக்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: மாடியில் வேண்டாம். வீட்டுக்குள் வைத்தே ஆகவேண்டுமென்றால் வாரம் இருமுறை தட்டைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் முட்டை காய்ந்த தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது.